ஆள் மாறிய செட்டுக் கடைக்கு இன்னும் போகலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குள் இருக்கும் ஒரு தட்டுவடை செட்டுக் கடையைப் பற்றி இந்த வருஷம் பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "மேடம், அங்க ஆளெல்லாம் மாறிட்டாங்களாமே, செட்டு முன்ன மாதிரி இல்லையாமே?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர். "அந்தக் கடை போச்சு மிஸ்" என்று என் பழைய மாணவி ஒருத்தி. இப்படிச் சொன்னவர்களில் பலர் ஆள் மாறிய பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். பழைய ஆட்கள் இருந்தபோதும் சாப்பிட்டேன், எல்லாம் கலைந்து கிடந்தபோதும் சாப்பிட்டேன், இப்போதும் சாப்பிடுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். நொறுக்கல் முன்பைவிட நன்றாக இருக்கிறது. செட்டு, வார நாட்களில் பழைய ருசிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் இன்னும் வரவில்லை. ஒரே கடை, ஒரே சட்னி, ஒரே புது ஆட்கள். அப்படியிருக்க ஒரு பண்டம் ஏறியது, ஒரு பண்டம் இறங்கி மறுபடி ஏறியது. அது ஏன் என்பதைத்தான் நான் பேச நினைக்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அக்கா கடை என்றால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். குறைகளையும் எழுதப்போவதால் இதற்குமேல் அடையாளம் சொல்லவில்லை. ஒரு தள்ளுவண்டி, ஒரு டியூப்லைட், பின்னால் ஒரு திண்ணை, நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். மாலை நாலரைக்குத் திறந்தால் ஒன்பதரை வரைக்கும் ஓடும்.

சேலத்துக்காரர்களுக்குச் செட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டித் தட்டுவடை ஒன்று, அதன்மேல் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, புதினா கொத்தமல்லிச் சட்னி, துருவிய பீட்ரூட், காரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மூடிபோல இன்னொரு தட்டுவடை. அப்படியே முழுசாக வாய்க்குள் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டையில் பீட்ரூட் இறங்கும். நொறுக்கல் என்பது அதே தட்டுவடையை, சில கடைகளில் முறுக்கையும், கையால் நொறுக்கிச் சட்னி, காய் எல்லாம் போட்டுக் கிளறித் தருவது. முட்டை நொறுக்கல் என்றால் அவித்த முட்டையும் சேரும். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர் முழுக்க இந்தக் கடைகள்தான். கடைக்குக் கடை சட்னி மாறும், ஒவ்வொருவருக்கும் ஒரு கடை மேல் பிடிவாதம் இருக்கும். எனக்கு இந்தக் கடை மேல்.

பழைய ஆட்களைச் சொல்கிறேன். அக்கா கல்லாவில். தட்டுவடையை அடுக்குபவர் ஒரு பெரியவர். சட்னிக் கரண்டி ஓர் அண்ணனிடம். நொறுக்கல் ஒரு தம்பி. பார்சலுக்கும் தட்டுக் கொடுக்கவும் ஒரு பையன். வீட்டில் காய் துருவி, தூக்குப் போசியில் நிரப்பி அனுப்பும் ஓர் அம்மா. இந்த வருஷத்தின் தொடக்கத்தில் பெரியவருக்கு முழங்கால் வலி அதிகமாகி நிற்க முடியாமல் போனது. கொஞ்ச நாளிலேயே சட்னி அண்ணன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். நொறுக்கல் தம்பி அம்மாபேட்டையில் சொந்தமாக வண்டி போட்டுவிட்டான், நன்றாக ஓடுகிறதாம், மகிழ்ச்சி. பார்சல் பையன் இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மிச்சம் இருந்தவர்கள் அக்காவும் காய் துருவும் அம்மாவும் மட்டும்.

ஊரில் கூட்டம் நின்று சாப்பிட்ட கடை அது. அந்த வகையில் ஜெயித்துக்கொண்டிருந்த அணி. அப்படிப்பட்ட அணியில் இத்தனை பேர் ஒன்றாகப் போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நான் சேலத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் அணியில் ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடித்தவர்கள் போய்விடுவார்கள், தடுக்க முடியாது. போன வருஷம் ஜெயித்த அணி என்று ஒன்று எனக்கு எப்போதுமே கையில் இருந்ததில்லை. அதனாலேயே "ஜெயிக்கிற டீமைத் தொடாதே" என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போதெல்லாம் அது எந்த அளவுக்கு உண்மை என்று யோசித்திருக்கிறேன். அமெரிக்கப் பேஸ்பாலை இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். அங்கே கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குக் கோடையில் விடிகாலை நாலரை. பால்காரர் வருவதற்கு முன்னால் இரண்டு இன்னிங்ஸ் பார்த்துவிடலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். செட்டுக்குத்தான் இந்தக் கடை பேர் வாங்கியது, செட்டுதான் முதலில் விழுந்தது.

செட்டில் நேரம்தான் எல்லாம். தட்டுவடை அரிசி மாவுப் பண்டம். சட்னி ஈரம் பட்ட நொடியிலிருந்து ஊற ஆரம்பிக்கும். கொஞ்சம் ஊறத்தான் வேண்டும். அடியில் இருக்கும் வடை சட்னியைச் சற்றுக் குடித்திருக்க வேண்டும், மேலே இருப்பது மொறுமொறுவென்று உடைய வேண்டும். இரண்டும் ஒரே வாயில் நடந்தால்தான் அது செட்டு. முன்னாலேயே செய்து வைத்தால் இரண்டும் நமத்துப்போகும். அப்புறம் அது காரமான ஊறல் மாவுதான்.

பெரியவரும் சட்னி அண்ணனும் இதை எப்படிச் செய்தார்கள் என்று நான் பக்கத்தில் நின்று நிறையக் கவனித்திருக்கிறேன். பெரியவர் தன் கையைப் பார்க்க மாட்டார், சாப்பிடுகிறவர் தட்டைப் பார்ப்பார். ஒருவர் தட்டில் இரண்டு செட்டு மிச்சம் இருக்கும்போது அடுத்தவருக்கு அடுக்க ஆரம்பிப்பார். சட்னி அண்ணன் தலையே நிமிர மாட்டார். பெரியவர் பாக்குமட்டைத் தட்டில் வடை வைக்கும் சத்தம் கேட்டதும் கரண்டி அங்கே போய்விடும். ஐந்து வடை, ஐந்து சிவப்பு, ஐந்து பச்சை, காய், மூடி. கடைசி மூடி விழும்போது தட்டு நம் கையில் இருக்கும். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லாததற்குக் காரணம் வேறு. அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏதோ பழைய கொடுக்கல் வாங்கல் தகராறாம், அக்காதான் சொன்னார். வேலை முடிந்ததும் ஒருவர் இந்தப் பக்கம் போவார், ஒருவர் அந்தப் பக்கம் போவார். ஆனால் வண்டிக்குப் பின்னால் நின்றால் நாலு கையும் ஒரே ஆளுடையது என்றுதான் தோன்றும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அணிக்குள் ஒற்றுமை என்றால் எல்லோரும் சிரித்துப் பேசி ஒன்றாகச் சாப்பிடுவது என்று நாம் நினைக்கிறோம். 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிக் கோப்பை) ஜெயித்த ஓக்லண்ட் ஏஸ் அணியில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 1974இல் டெட்ராய்ட்டில் ரெஜி ஜாக்சனும் பில் நார்த்தும் உடை மாற்றும் அறையில் சண்டை போட, விலக்கிவிடப் போன கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவர்) ரே ஃபாஸிக்குக் கழுத்தில் அடிபட்டது. அந்த வருஷமும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். நட்பு நல்ல விஷயம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் களத்தில் தேவைப்படும் பொருத்தம் நட்பிலிருந்து வருவதில்லை.

செட்டுக்கு வந்த புதுப் பையன்கள் இருவரும் இதற்கு நேர்மாறு. அத்தை மகன், மாமன் மகன். ஒரே தெரு, ஒரே பைக், எப்போதும் சிரிப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இருவருக்கும் நல்ல கை. அடுக்குகிறவன் பெரியவரைவிட வேகம், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் வேகத்தை எங்கே காட்டினான் தெரியுமா? ஆள் வருவதற்கு முன்பே வரிசையாக அடுக்கி வைத்துவிடுவான். சட்னிப் பையன் சும்மா நிற்கக் கூடாது என்று எல்லாவற்றின் மேலும் சட்னி வைத்துவிடுவான். அப்புறம் காய் போட ஆள் இல்லாமல் இருவரும் ஒரே போசிக்குள் கை விடுவார்கள். தட்டு நம்மிடம் வரும்போது மேல் வடைகூட நமத்துப்போயிருக்கும். சிவப்புச் சட்னி மாறவில்லை, அதை இன்றும் அக்காதான் அரைக்கிறார். காய் மாறவில்லை. வடை வாங்கும் இடம் மாறவில்லை. ருசி மட்டும் போயிருந்தது. "அக்கா கை மாறிப்போச்சு, சட்னி கெட்டுப்போச்சு" என்று ஊரில் பேசினார்களே, அது தவறு. சட்னியில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற இடத்தில்தான் கோளாறு.

நொறுக்கலைப் பாருங்கள். அங்கேயும் ஆள் மாறியது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி நிற்கிறான், தமிழ் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வந்த முதல் வாரத்திலேயே நொறுக்கல் நன்றாக இருந்தது, இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது. பழைய தம்பி வடையைத் தூளாக்கிவிடுவான். இவன் நாலைந்து துண்டாகத்தான் உடைக்கிறான், சட்னியை ஓரமாக ஊற்றி இரண்டே சுற்றில் கிளறுகிறான், வெங்காயத்தைக் கடைசியில் தூவுகிறான். வாயில் போட்டால் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கிறது. எலுமிச்சை பிழிவது அவனாகவே சேர்த்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முட்டை நொறுக்கலில் மிளகுத்தூள் ஒரு சிட்டிகை குறைக்கலாம், அவ்வளவுதான். இவனால் ஏன் உடனே முடிந்தது? நொறுக்கல் ஒருவர் வேலை. போசி அவனுடையது, கை அவனுடையது, யார் கைக்கும் அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

பேஸ்பாலிலும் எனக்கு இதே கோடுதான் தெரிகிறது. அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி தனி ஆள் வேலை. கிரிக்கெட்டிலாவது மறுமுனையில் ஒருவர் நின்று "வா, வேண்டாம்" என்று கத்துவார். பேஸ்பாலில் மட்டை பிடிப்பவர் தனியாக நிற்கிறார், பந்து வருகிறது, அடிக்கிறார் அல்லது விடுகிறார். பக்கத்தில் இருப்பவர் நண்பரா, நேற்று வந்தவரா என்பது அந்தப் பந்துக்குத் தெரியாது. நல்ல பேட்டரை அனுப்பிவிட்டு அதே அளவு நல்ல பேட்டரைக் கொண்டுவந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு இடங்கள் அப்படி இல்லை. ஒன்று, பந்து வீசும் பிட்சரும் அதை வாங்கும் கேட்ச்சரும். 60 அடி 6 அங்குலத் தூரத்தில் இருவரும் விரல் சாடையில் பேசிக்கொள்கிறார்கள், பந்து எங்கே வரும் என்பது கேட்ச்சருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டாவது பேஸின் (பேஸ் என்றால் ஓடுகிறவர் தொட வேண்டிய இடம்) இரு பக்கமும் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் செகண்ட் பேஸ்மேனும் சேர்ந்து, ஒரே அடியில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் பிளே. அடித்தவர் முதல் பேஸுக்கு 90 அடி ஓட நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அதற்குள் பந்து தரையிலிருந்து ஒரு கைக்கு, அங்கிருந்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போக வேண்டும். வாங்குகிறவர் பேஸுக்கு வந்து சேருவதற்கு முன்பே பந்தை எறிந்தாக வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து எறிந்தால் தாமதம், எங்கே இருப்பார் என்று தெரிந்து எறிய வேண்டும். என் பிள்ளைகளுக்கு இதைப் பழக்க ஒரு பருவம் முழுக்கப் போய்விடும். ஹிட்டிங் அப்படி இல்லை, போன மாதம் வந்த பெண் இந்த மாதமே ஹோம் ரன் அடித்துவிடுவாள்.

ஜெயித்த அணியைக் கலைத்ததால் நாசமாய்ப் போனதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஃப்ளோரிடா மார்லின்ஸ். 1997இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள். சம்பளச் செலவைக் குறைக்க முதலாளி அணியைப் பிரித்து விற்றுவிட்டார். மொய்சஸ் அலோ, கெவின் பிரவுன், ராப் நென், ஆல் லைட்டர் என்று ஒரே குளிர்காலத்தில் வரிசையாகப் போனார்கள். 1998 மே மாதம் கேரி ஷெஃபீல்டும் கேட்ச்சர் சார்ல்ஸ் ஜான்சனும் போனார்கள். அந்த வருஷம் 54 வெற்றி, 108 தோல்வி. மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், ஜிம் லேலண்ட் அதே ஆள்தான், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இதைப் பொருத்தம் கெட்டதற்கு உதாரணமாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். போனது திறமை. நல்ல வடையை நிறுத்திவிட்டு மட்டமான வடை வாங்கினால் யார் அடுக்கினாலும் செட்டு நன்றாக இருக்காது. அக்கா கடையில் அப்படி நடக்கவில்லை. வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

நியூயார்க் யாங்கீஸ் கதை வேறு. 1998இல் லீக் ஆட்டங்களில் மட்டும் 114 வெற்றி, பிறகு வேர்ல்ட் சீரிஸும். அந்த வருஷம் எதிரணியில் ஒருவரைக்கூடப் பேஸுக்கு விடாமல் பெர்ஃபெக்ட் கேம் வீசிய டேவிட் வெல்ஸை அடுத்த ஃபிப்ரவரியிலேயே டொரான்டோவுக்குக் கொடுத்துவிட்டு ரோஜர் கிளெமன்ஸை வாங்கினார்கள். ஜெயிக்கிற டீமைத் தொட்டுவிட்டார்கள்! 1999இலும் ஜெயித்தார்கள். 2000ஆம் ஆண்டு பாதி சீசனில் டேவிட் ஜஸ்டிஸைக் கொண்டுவந்தார்கள், மறுபடி ஜெயித்தார்கள். அத்தனை மாற்றத்துக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் டெரெக் ஜீட்டர், கேட்ச்சர் இடத்தில் ஹோர்ஹே போசாடா, கடைசி இன்னிங்ஸ் வீச மரியானோ ரிவேரா, மேலே மேனேஜராக ஜோ டோரி. கை மாறும் இடங்களில் தெரிந்த கைகள் இருந்தன.

"அப்படியானால் 2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி?" என்று எங்கள் மாவட்டத்தில் இன்னொரு பயிற்சியாளர் என்னை மடக்கப் பார்ப்பார். நல்ல கேள்வி. ஜூலை 31ஆம் தேதி, சீசன் நடுவே, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய ஷார்ட்ஸ்டாப் நோமார் கார்சியாபாராவை அனுப்பிவிட்டு ஓர்லாண்டோ கப்ரெராவைக் கொண்டுவந்தார்கள். கை மாறும் இடத்திலேயே கை வைத்தார்கள். அந்த வருஷம்தான் 1918க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள். என் பதில் இதுதான். மாற்றியது ஒரு பக்கத்தை மட்டும். கேட்ச்சர் ஜேசன் வாரிடெக் அங்கேயே இருந்தார். கப்ரெரா தடுப்பில் கெட்டிக்காரர். அதோடு ஆகஸ்ட், செப்டம்பர் என்று இரண்டு மாதம் லீக் ஆட்டங்களில் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது. அதே நாளில் தனி ஒப்பந்தத்தில் டேவ் ராபர்ட்ஸ் என்று ஒருவரையும் வாங்கினார்கள். யாங்கீஸுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று பின்தங்கி, நாலாவது ஆட்டமும் கைவிட்டுப்போக இருந்த நேரத்தில், பிட்சர் பந்து வீசும்போதே ஓடி இரண்டாவது பேஸைத் திருடியவர் அவர்தான். பேஸ் திருடுவது ஒருவர் வேலை, இரண்டரை மாதம் முன்பு வந்தவர் போதும்.

அந்த டேவ் ராபர்ட்ஸ்தான் இப்போது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மேனேஜர். 2000ஆம் ஆண்டு யாங்கீஸுக்குப் பிறகு யாரும் அடுத்தடுத்து ஜெயிக்கவே இல்லை, 2024இலும் 2025இலும் டாட்ஜர்ஸ் ஜெயிக்கும்வரை. 2025 வேர்ல்ட் சீரிஸின் கடைசியான ஏழாவது ஆட்டம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பதில் முடிய வேண்டியது 11 இன்னிங்ஸ் போனது. கேட்ச்சர் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து முன்னிலை கொடுத்தார், கடைசியில் எல்லாம் முடிந்தது ஒரு டபுள் பிளேயில். மூக்கி பெட்ஸ் பந்தை எடுத்து இரண்டாவது பேஸை மிதித்து முதல் பேஸில் ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிந்தார். பெட்ஸ் பல வருஷம் மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர். ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்து 2024இல் தடுமாறி, மறுபடி வெளியே போய், 2025இல்தான் முழுதாக நிலைத்தார். நேரம் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் பெரிய பெரிய ஆட்களை வாங்கும் அணிதான் அது.

நம் ஐபிஎல்லிலும் இந்தப் பேச்சு ஓயாது. 2021இல் ஜெயித்த சிஎஸ்கே பெரிய ஏலத்துக்குப் பிறகு 2022இல் ஒன்பதாவது, 2023இல் மறுபடி சாம்பியன். 2024இல் கோப்பை வாங்கித் தந்த ஸ்ரேயாஸ் ஐயரை விட்டுவிட்ட கொல்கத்தா அடுத்த வருஷம் எட்டாவது, அவர் போன பஞ்சாப் இறுதி ஆட்டத்தில். அதைப் பிரித்துப் பேச வேறொரு நாள் வேண்டும்.

அக்கா கடையின் தவறு ஆளை மாற்றியதில் இல்லை. அடுக்கும் கையும் கரண்டிக் கையும் ஒரே நேரத்தில் போக, பழையவர் பக்கத்தில் புதியவர் ஒரு நாள்கூட நிற்காமல் போனதில்தான் இருக்கிறது. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களிலேயே பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தியிருந்தால் இந்த நாலைந்து மாதச் சங்கடம் வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். அக்காவிடமும் இதைச் சொன்னேன். "ஆள் கிடைக்கறதே கஷ்டம் டீச்சர், ரெண்டு சம்பளம் எங்க குடுக்கறது" என்றார். அதுவும் நியாயம்தான்.

திருப்பம் வந்தது ஆடியில். கோட்டை மாரியம்மன் திருவிழா வாரத்தில் சேலத்துத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம் தாங்காமல் பையன்கள் இருவரும் திணறினார்கள். அடுக்கி வைத்த வடை ஒரு பக்கம் ஊறுகிறது, இன்னொரு பக்கம் ஆட்கள் கத்துகிறார்கள். அக்கா கல்லாவை மகளிடம் கொடுத்துவிட்டுச் சட்னிக் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். "கல்லாவ புள்ள பாத்துக்கும், கரண்டி எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். சட்னிப் பையன் காய்க்கும் மூடிக்கும் மாறினான். அந்த வாரத்திலிருந்து அப்படியே நிற்கிறார்கள்.

அக்கா கையில் கரண்டி இருப்பதால் என்ன ஆகிறதென்றால், அடுக்குகிற பையனின் வேகம் அவர் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. அவன் முன்கூட்டியே அடுக்கினால் இவர் சட்னி வைப்பதில்லை. வெறும் வடை வெறும் வடையாகவே கிடக்கும், கெட்டுப்போகாது. சாப்பிடுகிறவர் தட்டைப் பார்ப்பது இப்போது அக்காவின் வேலை. பையனும் மெல்ல மெல்ல அவர் கண்ணைப் பார்த்து அடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். வார நாட்களில் போய் நின்று சாப்பிட்டுப் பாருங்கள். அடி வடை சட்னி குடித்திருக்கும், மேல் வடை உடையும். பூண்டுக் காரம் முதலில், பீட்ரூட் இனிப்பு பின்னால். பழைய செட்டு அதுதான். சில நாட்களில் பழையதைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். சட்னியை அரைத்தவரே வைப்பதால் எவ்வளவு வைக்க வேண்டும் என்ற அளவு தவறுவதில்லை.

ஞாயிறு இரவுதான் சிக்கல். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிற கார்கள், கடைவீதிக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் ஏழு மணிக்கு மேல் ஒன்றாகச் சேரும். மகள் கல்லாவில் திணறினால் அக்கா கரண்டியை விட்டுவிட்டு அங்கே ஓடுகிறார். அவர் நகர்ந்த அடுத்த நிமிஷம் பையன்கள் பழையபடி வரிசையாகச் செய்து வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். போன ஞாயிறு எனக்கு வந்த தட்டில் ஐந்தும் நமத்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் வேறு போட்டுத் தந்தார்கள். ஞாயிறு இரவில் நொறுக்கல் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒடிசாத் தம்பியிடம் எந்தக் கூட்டத்திலும் தரம் குறைவதில்லை.

விலை: ஒரு தட்டுக்கு ஐந்து செட்டு, 40 ரூபாய். நொறுக்கலும் அதே 40. முட்டை நொறுக்கல் 60. மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவல் போட்ட செட்டு கிடைக்கும், புளிப்புப் பிடிக்கும் என்றால் தவறவிடாதீர்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், சட்னி வைத்த பிறகு சொல்லிப் பயனில்லை. குடிக்கத் தண்ணீர் கேன் இருக்கிறது, டம்ளர்கள் கழுவும் வாளித் தண்ணீரை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். குழந்தைகளை உட்கார வைக்கத் திண்ணை போதும். வண்டி நிறுத்த இடம் சிரமம், தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பார்சல் வாங்குகிறவர்கள் செட்டாகக் கட்டித் தரச் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் ஊறிவிடும். வடை தனி, சட்னி தனி, காய் தனி என்று கேட்டால் அக்காவின் மகள் பொறுமையாகப் பிரித்துக் கட்டித் தருகிறாள். பழைய பையனைவிட இவள் கட்டும் பொட்டலம் நன்றாக இருக்கிறது, ஒரு முறைகூடச் சட்னி ஒழுகியதில்லை. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.